டால்ஸ்டாய் பண்ணையிலிருந்து சாந்திநிகேதனம் வரை

தமிழ் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாத பிள்ளைகள் நம் இல்லங்களில் பலர் உளர். பிழைப்பை நாடி மொழி வேறான ஊர்களில் குடியேறிய குடும்பங்கள் யாவற்றுக்கும் பொதுவான கவலை இது. ஆயின் இக்கவலை நம் தலைமுறையில் பிறந்ததன்று. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் மாகாணத்தில், 1910ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் நடைபெற்ற ஒரு பண்ணைப் பள்ளியில், எழுத்தறியாத தமிழ்ச் சிறுவர் சிலர் அகர முதலாகத் தமிழ் கற்றனர். கற்பித்தவர் தமிழரல்லர், குஜராத்தி மொழியினராகிய காந்தியடிகளே அவர். அச்சிறுவருள் சிலர் பின்னர்க் கடல் கடந்து வந்து வங்கநாட்டில் தாகூரின் பள்ளியிலும் வாழ்ந்தனர். இந்தியக் கல்வி வரலாற்றில் பெரிதும் போற்றப்படும் இரண்டு முயற்சிகள் இப்பிள்ளைகளின் வாழ்வில் ஒன்றையொன்று சந்தித்தன. அச்சந்திப்பின் கதையே இக்கட்டுரை.

பண்ணை தோன்றிய காரணத்தை முதலில் கூறல் வேண்டும். டிரான்ஸ்வாலில் இந்தியர் மீது சுமத்தப்பட்ட பதிவுச் சட்டத்தை எதிர்த்து எழுந்த சத்தியாக்கிரகம், 1910க்குள் சோர்வடையும் நிலையை எட்டியிருந்தது. செல்வர் பலர் ஒதுங்கிவிட்டனர். சிறைக்கு மீண்டும் மீண்டும் சென்றவருள் பெரும்பாலோர் தமிழர், அவருள்ளும் தலையில் கூடை சுமந்து காய்கறி விற்ற எளியவர்கள். குடும்பத் தலைவன் சிறையிலிருக்க, மனைவி மக்களைக் காப்பவர் யார்? இக்கேள்விக்கு விடையாக ஹெர்மன் காலன்பாக் என்னும் யூதக் கட்டடக்கலைஞர், ஜோகன்ஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், லாலி என்னும் ரயில் நிலையத்தை அடுத்து 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கிச் சத்தியாக்கிரகிகளின் பயனுக்கு வாடகையின்றி அளித்தார். ஆயிரத்துக்குக் கிட்டிய பழமரங்களும், இரண்டு கிணறுகளும், ஒரு சிற்றூற்றும், ஒரு சிறு வீடும் அங்கிருந்தன. அதற்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயரிட்டனர்.

குஜராத்தியர், தமிழர், ஆந்திரர், வடநாட்டினர் எனப் பலரும் அங்குக் கூடினர். இந்து, முஸ்லிம், பார்சி, கிறித்தவர் என நான்கு சமயத்தாரும் இருந்தனர். பிள்ளைகள் மட்டும் இருபது முதல் முப்பது பேர். அவருள் நால்வர் ஐவர் பெண்மக்கள். தகர வீடுகளைத் தாமே கட்டிக்கொண்டனர். வேலைக்காரர் எவரும் இலர். ஒரே சமையற்கூடம், ஒரே பந்தி, புலால் இல்லாத உணவு. கோதுமையைக் கையால் சுழற்றும் இரும்பு இயந்திரத்தில் அரைத்து ரொட்டி சுட்டனர். வறுத்த கோதுமையில் காபி காய்ச்சினர். காபிக்குப் பெயர்போன குடும்பங்களிலிருந்து வந்த நம்மவர் அதனை என்ன முகத்துடன் பருகினரோ, அறியோம்! படுக்கை தரையில், ஆளுக்கு இரண்டு கம்பளி, ஒரு மரத் தலையணை. இத்தனை பேர் வாழ்ந்தும் குப்பையோ அழுக்கோ கண்ணில் படாது. கழிவு யாவும் குழியில் புதைந்து எருவாயிற்று. சொந்தக் காரியமாக நகருக்குச் செல்வோர் நடந்தே செல்லுதல் விதி. விடியுமுன் இரண்டு மணிக்குப் புறப்பட்டு, ஒரே நாளில் 42 மைல் நடந்து திரும்பிய சிறுவரும் உண்டு.

பள்ளி என்று தனியே ஒன்று இங்குத் திட்டமிடப்படவில்லை. பிள்ளைகள் இருந்தனர், ஆதலின் பள்ளி வந்தது. காலைப் பொழுது முழுதும் குழி தோண்டல், மரம் வெட்டல், சுமை தூக்கல், தோட்டவேலை. காலன்பாக் ஒரு கத்தோலிக்கத் துறவியர் மடத்திற்குச் சென்று செருப்புத் தைக்கப் பழகி வந்தார். அவரிடமிருந்து அடிகளும், அடிகளிடமிருந்து பிள்ளைகளும் அத்தொழிலைக் கற்றனர். சாதி பார்த்துத் தொழில் பகுத்த நாட்டின் வழித்தோன்றல்கள் தோலைத் தொட்டு வாரறுத்த அக்காட்சியை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. ஏட்டுக்கல்வி நண்பகலுணவுக்குப் பின்னரே. மிகுதியாகப் போனால் மூன்று மணி நேரம். உடலுழைப்பால் களைத்த மாணாக்கர் கண்ணயர்வர், ஆசிரியரும் கண்ணயர்வர். கண்ணில் நீர் தெளித்துக்கொண்டு பாடம் தொடர்ந்த நாள்களை அடிகளே எழுதியிருக்கிறார்.

இந்தி, குஜராத்தி, தமிழ், உருது ஆகிய மொழிகள் கற்பிக்கப்பட்டன. அவரவர் தாய்மொழி வாயிலாகவே பாடம் என்பது கொள்கை. ஆங்கிலமும் ஓரளவு உண்டு. தமிழும் உருதும் அடிகளின் பங்குக்கு வந்தன. அவருடைய தமிழறிவோ கப்பற்பயணங்களிலும் சிறையறையிலும் போப் ஐயரின் தமிழ்க் கையேட்டைக்கொண்டு திரட்டியது. அக்கையேட்டைத் தாண்டி அவர் சென்றதில்லை. மாணாக்கரோ தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். வீட்டில் பேசும் தமிழ் உண்டு, எழுத்து அறவே இல்லை. ஆசிரியருக்கு எழுத்தும் இலக்கணமும் தெரியும், பேச்சு வாராது. மாணாக்கருக்குப் பேச்சு வரும், எழுத்துத் தெரியாது. ஆங்கிலம் அறியாத தமிழர் எவரேனும் அடிகளைக் காண வந்தால், அவரிடம் அரிச்சுவடி படிக்கும் பிள்ளைகளே அவருக்கு மொழிபெயர்ப்பாளராக நின்றனர்! தம் அறியாமையை மாணாக்கரிடம் ஒருநாளும் மறைத்ததில்லையாதலின் எல்லாம் இனிதே நடந்தது என்று அடிகள் தம் வரலாற்றில் குறிக்கின்றார். தமிழ் வகுப்பு நடத்தத் தகுந்த புலவர் கிடைக்கவில்லையே என்று நாம் காத்திருக்கும்போதெல்லாம், போப் கையேட்டுடன் துணிந்த இவ்வாசிரியர் என் நினைவுக்கு வருவதுண்டு.

பண்ணைப் பள்ளியில் எல்லாம் நிறைவே என்று கூறுவதற்கில்லை. முரட்டு மாணவன் ஒருவனை அடிகள் ஒருமுறை அளவுகோலால் அடித்தார். அடிக்கும்போதே அவர் உடல் நடுங்கியது. திருப்பியடிக்கும் உடல்வலிமை கொண்ட அப்பதினேழு வயதினன் அழுது மன்னிப்பு வேண்டினான். அதன்பின் அவர் எவரையும் அடித்ததில்லை. வேறொரு நிகழ்ச்சி இதனினும் மனத்தை உறுத்துவது. இரண்டு பெண்பிள்ளைகளை ஓர் இளைஞன் கேலி செய்தான். அடிகள் இளைஞரைக் கண்டித்ததோடு அமையாமல், இனி எவரும் தீய கண்ணால் நோக்காதிருக்க அப்பெண்களின் நீண்ட கூந்தலைத் தம் கையாலேயே கத்தரித்துவிட்டார். பிழை செய்தவன் ஒருவன், கூந்தலிழந்தவர் வேறு இருவர். இதனை எவ்வாறு நியாயம் என்பது? பெண்மக்களைப் பெற்ற எவரும் இதனை ஒப்பமாட்டார். இத்தகைய சோதனைகளை மற்ற ஆசிரியர் பின்பற்றலாகாது, அதில் பெருங்கேடு நேரலாம் என்று அடிகள் எச்சரித்திருப்பது ஒன்றே ஆறுதல்.

1913ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பண்ணை கலைந்தது. எஞ்சிய பிள்ளைகள் டர்பன் நகரை அடுத்த பீனிக்ஸ் குடியிருப்புக்குச் சென்றனர். அவ்வாண்டின் இறுதியில் எழுந்த பெரும்போரில், பண்ணையில் வாழ்ந்த தாய்மார் பதினொருவர் களம் இறங்கினர். ஒருவர் நீங்கலாக யாவரும் தமிழ்நாட்டு வழியினர். அறுவர் கையில் பால்குடி மாறாக் குழந்தைகள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்கு எழுப்பியவர் இவர்களே. மூன்று மாதச் சிறை பெற்றனர். சிறை மீண்ட சில நாளில், 1914 பிப்ரவரி 22 அன்று உயிர்நீத்த பதினாறு வயது வள்ளியம்மையைத் தமிழுலகம் நன்கறியும். பண்ணைப் பள்ளியின் மாணாக்கர் எத்தகைய வீடுகளின் பிள்ளைகள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

போர் முடிந்தது. 1914 ஜூலையில் அடிகள் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்படுமுன் ஜோகன்ஸ்பர்க்கில் நடந்த பிரிவுபசாரக் கூட்டத்தில், தம்பி நாயுடு எழுந்தார். மோரீசில் பிறந்தவர், சென்னை மாகாணத்திலிருந்து சென்ற பெற்றோரின் மகன், பலமுறை சிறை சென்றவர். அவரும் அவர் மனைவியாரும் தம் நான்கு புதல்வரையும் இந்தியத் தொண்டுக்கென அடிகளிடம் ஒப்படைத்தனர். நான்கு முத்துக்கள் என்று அப்பிள்ளைகளை அடிகள் போற்றினார். தாம் கண்டறியாத நாட்டுக்குப் பெற்ற பிள்ளைகளை அனுப்பிய அத்தாயின் மனத்தைப் பற்றி எந்த ஏடும் ஒரு வரி எழுதவில்லை.

அடிகள் இங்கிலாந்து சென்றார். மகன்லால் காந்தியின் பொறுப்பில் பீனிக்ஸ் பிள்ளைகள் இந்தியா வந்து, முதலில் அரித்துவாரத்தை அடுத்த காங்கிரி குருகுலத்திலும், பின்னர் ஆண்ட்ரூஸின் ஏற்பாட்டால் சாந்திநிகேதனத்திலும் தங்கினர்.

சாந்திநிகேதனம் அப்போது பதின்மூன்று வயது நிரம்பாத பள்ளி. 1901 டிசம்பர் 22 அன்று ஐந்தே மாணாக்கருடன் தாகூர் அதனைத் தொடங்கினார். அவ்வைவருள் ஒருவர் அவர் மகன் ரதீந்திரநாதர். செலவுக்கு மனைவியார் மிருணாளினி தேவியின் நகைகள் விற்கப்பட்டன. ஓராண்டு கழியுமுன் அவ்வம்மையார் மறைந்தார். செம்மண் பொட்டல், தந்தையார் தேவேந்திரநாதர் தியானம் செய்த ஏழிலைப்பாலை மரங்கள், சால மர வரிசை. மரநிழலில் ஆளுக்கொரு சிறு விரிப்பில் அமர்ந்து பாடம். வைகறைப் பாடல், கிணற்று நீராடல், சிறிது நேர மௌனம். குற்றம் செய்தவனை விசாரிப்பது மாணாக்கர் மன்றமே. மாலையில் நாடகமும் இசையும். மழை வந்தால் பாடத்தை விட்டு நனையலாம்! தம் இளமையில் பள்ளிச் சுவர்களுக்குள் மூச்சுத் திணறிய கவிஞர், தாம் பெறாத பள்ளியைப் பிறர் பிள்ளைகளுக்குக் கட்டினார் எனலாம்.

இச்சூழலில் பீனிக்ஸ் பிள்ளைகள் தனியிடம் பெற்று, தம் விதிகளில் ஒன்றும் வழுவாமல் வாழ்ந்தனர். அரிசி, பருப்பு, காய்கறி, கோதுமை மாவு யாவும் ஒரே நீராவிக் கலத்தில் ஒரே வேளையில் வெந்தன. காரமும் மசாலாவும் இல்லை. எல்லா வேலையும் அவர்களே செய்தனர். அவர்களைத் தம் பிள்ளைகளாகவும் ஆகவிட்டமைக்குத் தாகூர் அடிகளுக்கு நன்றி கூறி மடல் எழுதினார். ஆயினும் ஆண்ட்ரூஸுக்கு அவர் எழுதிய மடலில் வேறொரு குரல் கேட்கிறது. இலட்சியம் இருக்கவேண்டிய இடத்தில் இப்பிள்ளைகளிடம் ஒழுங்கு இருக்கிறது. பணிவதற்கே பழக்கப்பட்டவர் தாமாக ஒன்றை விரும்புவதையே மறந்துவிடக்கூடும் என்பது அவர் அச்சம். இக்கருத்தை முதன்முதல் படித்தபோது எனக்குச் சினமே வந்தது. தாயும் தந்தையும் சிறையிருக்க வளர்ந்த பிள்ளைகளுக்கு மழையில் நனைந்து திரியும் விருப்பம் எங்கிருந்து வரும் என்று கேட்கத் தோன்றியது. மீண்டும் படிக்குங்கால் கவிஞரின் கவலையில் ஓர் உண்மை இருப்பதையும் மறுக்க இயலவில்லை. பெற்றோரின் நோன்பைப் பிள்ளைகள் நோற்றனர். அதனைத் தேர்ந்தவர் அவரல்லர்.

1915 பிப்ரவரி 17 அன்று அடிகள் சாந்திநிகேதனம் வந்தார். தாகூர் அப்போது அங்கில்லை. கோகலே மறைந்த செய்தி கேட்டு உடனே புனே சென்ற அடிகள், மார்ச் 6 அன்று திரும்பிவந்து கவிஞரைச் சந்தித்தார். கூலிக்குச் சமைப்போரை நிறுத்தி, ஆசிரியரும் மாணாக்கருமே சமைத்தால் என்ன என்று ஆசிரியர்களிடம் கேட்டார். சிலர் ஏற்றனர், சிலர் தலையசைத்தனர். ஆசிரியர்க்கு உடன்பாடாயின் தமக்குத் தடையில்லை என்றார் தாகூர். சுயராச்சியத்தின் திறவுகோல் இதில் உள்ளது என்று பிள்ளைகளிடமும் கூறினார். மார்ச் 10 அன்று வேலை தொடங்கியது. ஒரு குழு காய் நறுக்கியது. ஒரு குழு தானியம் புடைத்தது. ஆசிரியர் சிலர் மண்வெட்டியுடன் சமையற்கட்டின் சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்கினர். பியர்சன் என்னும் ஆங்கிலேய ஆசிரியர் களைப்பறியாது உழைத்தார். பெரிய பாத்திரங்களைத் துலக்குவோரின் அலுப்புத் தீர, மாணாக்கர் சிலர் அருகிலமர்ந்து சிதார் வாசித்தனராம். பீனிக்ஸின் துடைப்பமும் சாந்திநிகேதனத்தின் சிதாரும் கூடி ஒலித்த அப்பொழுதைவிட அழகிய பள்ளிக்காட்சி ஒன்றை நான் அறியேன்.

அது நெடுநாள் நீடிக்கவில்லை. சில காலத்திற்குப் பின் கைவிடப்பட்டது. ஆயின் மார்ச் 10ஆம் நாளைக் காந்தி புண்ணிய நாளாகச் சாந்திநிகேதனம் கொண்டாடத் தலைப்பட்டது. அன்று பணியாளர்க்கு ஓய்வு. மாணாக்கரும் ஆசிரியருமே பெருக்கிக் கழுவுவர். ஆண்டுக்கு ஒருநாள் என்பது ஒரு வாழ்க்கைமுறையைச் சடங்காகச் சுருக்கியதாகாதா என்று கேட்பாரும் உண்டு. சடங்காகவேனும் நின்றதே என்பது என் எண்ணம்.

1915 மே மாதத்தில் அகமதாபாத்தை அடுத்த கோச்ரப்பில் அடிகள் ஆசிரமம் அமைத்தபோது, அங்கிருந்த ஏறத்தாழ 25 பேரில் பதின்மூவர் தமிழர்; அவருள் ஐவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த இளைஞர். குஜராத்தில் தோன்றிய அவ்வாசிரமத்தில் சரிபாதிக்கு மேல் தமிழரே என்பதை நம்மவரிற் பலர் அறியார்.

தம்பி நாயுடுவின் புதல்வருள் நாராயணசாமி என்பார் இந்தியாவில் வளர்ந்து, சாந்திநிகேதனத்திலும் பயின்று, பின்னர்த் தென்னாப்பிரிக்கா திரும்பினார். 1946ஆம் ஆண்டு நிலச்சட்டத்தை எதிர்த்தெழுந்த சாத்விகப் போரில் தந்தையைப் போலவே சிறை சென்றார்; 1953இல் மறைந்தார். அவர் மகன் இந்திரஸ் நாயுடு 1963இல் கைதாகி, ராபன் தீவுச் சிறையில் பத்தாண்டுகள் கழித்தார்.