புரண்டேறும் முக்கோணம்

தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர் பிரடையைத் திருகிச் செவியால் தேர்கிறார். மூலக்கூறுகளின் அமைப்பை ஆராயும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவிக்கும் இத்தகைய பணி உண்டு. அதன் காந்தப்புலம் ஒரே சீராக இருத்தல் வேண்டும். அதற்கெனச் சிறு கம்பிச்சுருள்கள் பல உள. ஒன்றைத் திருத்தினால் மற்றொன்றின் பொருத்தம் கெடும். ஆய்வாளர் குமிழ்களைத் திருகியே நெடும்பொழுது கழித்தனர்.

1962-இல் ஸ்பெண்ட்லி, ஹெக்ஸ்ட், ஹிம்ஸ்வொர்த் ஆகிய மூவர் ஓர் எளிய நெறி வகுத்தனர். குமிழ்கள் இரண்டு எனக் கொள்வோம். மூன்று நிலைகளைச் சோதித்தால் அவை ஒரு முக்கோணத்தின் முனைகளாகும். அவற்றுள் கடைப்பட்டதைத் தள்ளி, அதற்கு எதிர்ப்புறத்தில் புதுமுனை காண வேண்டும். இவ்வாறே முக்கோணம் புரண்டு புரண்டு மேலேறும். 1965-இல் இங்கிலாந்தின் தேசியக் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த நெல்டரும் மீடும், அம்முக்கோணம் இடத்திற்கேற்ப விரியவும் சுருங்கவும் வகை செய்தனர். 1968-இல் ரிச்சர்ட் எர்ன்ஸ்ட் இத்தகைய நெறியைக் கொண்டு காந்தப்புலத்தைத் தானியங்கு முறையில் சீராக்கும் வழியை வெளியிட்டார். ஒத்ததிர்வு ஆய்வை வளர்த்தமைக்காக 1991-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

சிறு குன்றின் உச்சியையே மலைமுடியென முக்கோணம் மயங்குவதும் உண்டு. ஆகவே, தொடங்கும் இடத்தையும் அடைய வேண்டிய பயனையும் மனிதனே ஆராய்ந்து வகுத்தல் வேண்டும். எனினும், தன் பிழையை அளந்தறிந்து அதற்கு எதிர்த்திசையில் அடி வைக்கும் அந்நெறி, மாணவர்க்கும் உகந்ததன்றோ!