தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு ஸ்டூடியோ

காரைக்குடியின் கலைப் பெருமையைப் பேசுகிறவர்கள் கம்பன் கழகத்தைச் சொல்வார்கள், வீணைச் சகோதரர்களைச் சொல்வார்கள். தேவகோட்டை ரஸ்தாவில் சொற்ப காலமே இயங்கிய ஏவி.எம். ஸ்டூடியோ ஒரு வரியோடு முடிந்துவிடும். நம் மலரில் அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். பாரதியின் பாட்டைத் திரையில் ஏற்றிப் பட்டிதொட்டியெல்லாம் பரப்பிய வேலை அங்கேதான் நடந்தது.

ஏவி. மெய்யப்ப செட்டியார் காரைக்குடிக்காரர், 1907-இல் பிறந்தவர். தகப்பனார் ஆவிச்சி செட்டியாரின் கடையில் இசைத்தட்டு விற்று வளர்ந்தவர். எந்தப் பாட்டை ஜனங்கள் மறுபடி மறுபடி கேட்பார்கள் என்பது அவருக்குக் கடையிலேயே பிடிபட்டிருக்க வேண்டும். படமெடுக்கத் துணிந்தபோது முதல் முயற்சியான 'அல்லி அர்ஜுனா' கைகொடுக்கவில்லை. ஆனாலும் பாட்டு விஷயத்தில் அவர் சமரசம் செய்துகொள்ளவில்லை. 1945-இல் வந்த 'ஸ்ரீவள்ளி'யில் கதாநாயகி ருக்மிணியின் பாட்டு திருப்தி தராததால், பி. ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, படத்தின் உதட்டசைவோடு அந்தக் குரலைப் பொருத்தினார்.

அதே ஆண்டு அக்டோபர் 14-இல் ஏவி.எம். புரொடக்ஷன்ஸ் பிறந்தது. சொந்த ஸ்டூடியோ வேண்டும். போர்க்காலக் கட்டுப்பாடுகளால் சென்னையில் அது கூடிவரவில்லை. செட்டியார் ஊருக்குத் திரும்பினார். தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையைக் குத்தகைக்கு எடுத்தார். ஓலைக் கொட்டகைகள் எழும்பின. நடிகர்களும் தொழிலாளர்களும் அங்கேயே தங்கினார்கள், அங்கேயே சாப்பிட்டார்கள். பக்கத்தில் ரயில் நிலையம் இருந்ததால் சென்னையிலிருந்து ஆள் வந்துபோக முடிந்தது. பட்டணத்துக்கு வெளியே, பொட்டல் காட்டில் இப்படி ஒரு சினிமாக் குடியிருப்பு அமைத்ததைத் துணிச்சல் என்றுதான் சொல்ல வேண்டும்.

அங்கே உருவான முதல் படம் 'நாம் இருவர்'. ப. நீலகண்டனின் நாடகம் அது, டி. ஆர். மகாலிங்கமும் டி. ஏ. ஜெயலட்சுமியும் நடித்தார்கள். பாரதி விழாவில் தொடங்கி காந்தி பிறந்தநாளில் முடியும் கதை. ஆர். சுதர்சனம் இசையமைக்க, டி. கே. பட்டம்மாள் 'சுதந்திரப் பள்ளு' பாடினார். சிறுமி குமாரி கமலா அதற்கு ஆடினார். சுதந்திரம் வந்துவிட்டதாகவே கொண்டாடும் பாட்டு அது. பாரதி அதை எழுதியபோது சுதந்திரம் வெகுதொலைவில் இருந்தது. படம் வெளியானது 1947 ஜனவரியில். அப்போதும் வெள்ளைக்காரன் கொடிதான் பறந்தது. ஏழு மாதம் கழித்து ஆகஸ்ட் 15 வந்தபோது, அந்த நாளைப் பாடுவதற்குத் தமிழ்நாட்டுக்கு மெட்டோடு ஒரு பாட்டு தயாராக இருந்தது. 1919-இல் பாரதி காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்து, சங்கத்தாரோடு புகைப்படம் எடுத்துக்கொண்டார். அவர் மறைந்து கால் நூற்றாண்டு ஆனபின், அவர் பாட்டு இதே மண்ணிலிருந்து ஊர் ஊராகப் புறப்பட்டதில் நமக்குப் பெருமை உண்டு.

அடுத்து பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை வைத்து 'வேதாள உலகம்'. அதிலும் பாரதி, பட்டம்மாள், கமலா. 1948-இல் ஸ்டூடியோ கோடம்பாக்கம் போய்விட்டது. வைஜயந்திமாலாவின் 'வாழ்க்கை'யும் சிவாஜியின் 'பராசக்தி'யும் பிறகு வந்தவை.

ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுத வேண்டும். பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையைச் செட்டியார் விலைகொடுத்து வாங்கி வைத்திருந்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது அதை எதிர்த்தார். ஒரு மகாகவியின் பாட்டு ஒருவர் கைச்சொத்தாக இருப்பது சரியல்ல என்று அன்று எழுந்த குரல் நியாயமானது. பாரதியை விடுவிக்க வேண்டும் என்ற கிளர்ச்சி வலுத்தது. ஆனால் அரசு கேட்டபோது செட்டியார் பேரம் பேசவில்லை. ஒரு காசும் பெறாமல் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949-இல் பாரதி பாடல்கள் அரசுடைமையாயின. அதன்பின் வானொலியிலும் மேடையிலும் சினிமாவிலும் பாரதியைப் பாட யாரும் தனி ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.