அட்டையில் யார் பேரு?

பூப்போட்டி மேசையில் ஒவ்வொரு ஜாடிக்கும் முன்னால் ஒரு சின்ன அட்டை நிற்கும். பூ ரகத்தின் பெயர், கொண்டுவந்தவரின் பெயர், பரிசு கிடைத்திருந்தால் அதுவும் இருக்கும். இங்கிலாந்துப் பூப்போட்டிகளின் வரலாற்றை வாசிக்க வாசிக்க எனக்குப் பூவைவிட அந்த அட்டைமேல்தான் கண் போகிறது. யார் பெயர் அதில் ஏறுகிறது? யார் பெயர் அடைப்புக்குறிக்குள் போகிறது? யார் பெயர் வரவே இல்லை? டாலியா, ஸ்வீட் பீ என்ற இரண்டு பூக்களை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கேட்டுப் பார்க்கிறேன்.

டாலியா மெக்சிகோ மலைப் பிரதேசத்துப் பூ. நவாட்டில் மொழிக்காரர்கள் அதை அக்கோக்கோட்லி போன்ற பெயர்களில் அழைத்தார்கள். உள்ளே கூடாக இருக்கும் அதன் தண்டை வைத்து, நீர்க்குழாய் என்ற பொருளில் வந்த பெயர். 1789இல் மெக்சிகோவிலிருந்து மாட்ரிட் அரச தாவரத் தோட்டத்துக்கு அது வந்து சேர்ந்தது. அங்கிருந்த கவனில்லெஸ் என்ற பாதிரியார் 1791இல் அதற்கு டாலியா என்று பெயர் வைத்தார். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஆண்டர்ஸ் டாலின் நினைவாக வைத்த பெயர். டால் இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பூவோடு நூற்றாண்டுகள் வாழ்ந்தவர்கள் வைத்த பெயர் பழைய ஏடுகளுக்குள் போய்விட்டது.

நமக்கு இது புதிசு இல்லை. மலாயாவில் 'தோட்டம்' என்று சொன்னால் நம் பாட்டிமாருக்குப் பூந்தோட்டம் ஞாபகம் வராது, ரப்பர்க்காடுதான் வரும். அந்தத் தோட்டங்களுக்கு ரிஜிஸ்தரில் துரை வைத்த ஒரு பெயர், நம்ம ஆட்கள் வாயில் இன்னொரு பெயர். ஏட்டில் நின்றது எது என்று சொல்லத் தேவையில்லை.

பூப்போட்டி என்றதும் அகலத் தொப்பி போட்ட சீமாட்டிகள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பிரிட்டனில் போட்டிக்கென்றே பூ வளர்த்தவர்களில் கைவினைத் தொழிலாளிகள் ஏராளம். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊர் நெசவாளிகள் இதழோரத்தில் சரிகை போட்டதுபோல் கோடு ஓடும் பிங்க் பூக்களை உருவாக்கினார்கள். லங்காஷயர் நெசவாளிகள் அரிக்குலா என்ற மலைப்பூவில் பேர்போனவர்கள். தறி வீட்டுக்குள்ளேயே இருந்ததால் நடுவில் எழுந்துபோய்ச் செடியைப் பார்த்துவர முடிந்தது. போட்டிகள் பெரும்பாலும் மதுக்கடைகளில் நடந்தன. பல இடங்களில் முதல் பரிசு ஒரு செம்புக் கெண்டி. முழங்கால் அளவு நிலம்கூட இல்லாத ஒருவர், தொட்டியில் வளர்த்த பூவுக்காகக் கெண்டியை வாங்கிக்கொண்டு தெருவழியே வீடு திரும்புவதை நினைத்துப் பாருங்கள். ஊரில் யார் யார் என்று அன்றைக்கு ஒரு நாள் வரிசை மாறிப்போகும்.

1830களில் டாலியா மோகம் வந்தது. பின்னாளில் கிரிஸ்டல் பேலஸைக் கட்டிய ஜோசப் பாக்ஸ்டன் 1838இல் டாலியா வளர்ப்புக்கென்றே ஒரு நூல் எழுதினார். அவரும் அப்போது ஒரு பிரபுவின் தோட்டக்காரர்தான். ஆனால் எல்லாத் தோட்டக்காரர்களும் பாக்ஸ்டன் ஆகவில்லை. பெரிய வீட்டுப் பூ போட்டிக்குப் போனால், பரிசுப் பட்டியலில் பிரபுவின் பெயர் முதலில் வரும். வளர்த்தவரின் பெயர் பின்னால் அடைப்புக்குறிக்குள், 'தோட்டக்காரர் இன்னார்' என்று வரும்.

ஸ்வீட் பீயின் கதையில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். அது பட்டாணிக்கு உறவுக்காரக் கொடி. ஆனால் விதை நஞ்சு, சமைக்க முடியாது. 1699இல் சிசிலித் தீவின் துறவி குப்பானி இங்கிலாந்துக்கு அனுப்பிய விதைகளிலிருந்து அது பரவியது. சின்னப் பூ, ஆளை மயக்கும் மணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹென்றி எக்ஃபோர்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர், அவரும் முதலில் பிறர் வீட்டுத் தோட்டக்காரர், ரகத்தோடு ரகம் கலந்து பூவைப் பெரிதாக்கினார். 1900இல் கிரிஸ்டல் பேலஸில் ஸ்வீட் பீயின் இருநூறாம் ஆண்டு விழா நடந்தபோது வைக்கப்பட்டிருந்த 264 ரகங்களில் 115 அவருடையவை.

அடுத்த வருஷமே புதுசாக ஒன்று மேடைக்கு வந்தது. ஸ்பென்சர் பிரபுவின் ஆல்தார்ப் மாளிகைத் தோட்டக்காரர் சைலஸ் கோல், அலை அலையாக நெளிந்த இதழ்களோடு ஒரு இளஞ்சிவப்பு ஸ்வீட் பீயைக் காட்டினார். கூட்டம் மொய்த்தது. பூவின் பெயர் 'கவுன்டெஸ் ஸ்பென்சர்'. எஜமானியம்மாவின் பெயர். கிட்டத்தட்ட அதே சமயம் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் ஹிஸ்டன் கிராமத்தில் வெட்டுப்பூ வியாபாரம் செய்துகொண்டிருந்த வில்லியம் அன்வின் தோட்டத்திலும் நெளியிதழ்ப் பூ ஒன்று வந்தது. அவர் அதற்குத் தன் மகள் பெயரை வைத்தார்: 'கிளாடிஸ் அன்வின்'. இரண்டுமே எக்ஃபோர்டின் ஒரே ரகத்திலிருந்து வந்தவை. கோலின் விதை போட்டால் அதே பூ வராது, கலந்து வரும். அன்வினுடையது மாறாமல் வந்தது. ஆனாலும் இன்றுவரை அந்தப் பூவடிவம் முழுவதற்கும் 'ஸ்பென்சர்' என்றுதான் பேர். கோல் என்று ஒரு பூவடிவம் கிடையாது.

1911இல் டெய்லி மெயில் பத்திரிகை சிறந்த ஸ்வீட் பீ கொத்துக்கு 1,000 பவுண்டு பரிசு அறிவித்தது. பெரும்பாலான தொழிலாளிகளின் வாரக்கூலி இரண்டு பவுண்டைத் தொடாத காலம் அது. சம்பளத் தோட்டக்காரரை வைத்து வளர்ப்பவர்களுக்கு இடமில்லை. சொந்தக் கையால் வளர்த்தவர்களுக்கே போட்டி. அந்தக் கோடையில் கடும் வெயில், வறட்சி. அப்படியிருந்தும் 35,000க்கும் மேற்பட்ட கொத்துகள் கிரிஸ்டல் பேலஸுக்கு வந்து குவிந்தன. முதல் பரிசு ஸ்காட்லாந்து எல்லையோரம் ஸ்ப்ரௌஸ்டன் என்ற குக்கிராமத்துப் பாதிரியாரின் மனைவி திருமதி ஃபிரேசருக்கு. மூன்றாம் பரிசு அவர் கணவர் டென்ஹாம் ஃபிரேசருக்கு. இரண்டு கொத்துகளும் ஒரே வீட்டுத் தோட்டத்துப் பூக்கள். பரிசுப் பணத்தின் உதவியோடு ஊர்த் தேவாலயத்தை விரிவாக்கினார்கள். பிறகு ஸ்வீட் பீ வளர்ப்பைப் பற்றிப் புத்தகம் வந்தது. எழுதியவர் பெயர் கணவருடையது. முதல் பரிசு வாங்கிய பெயர் 'திருமதி' என்பதற்குப் பின்னால் கணவர் பெயரோடு ஒட்டிக்கொண்டே வரலாற்றில் நிற்கிறது.

1908ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளூர் மன்றங்கள் சாதாரண மக்களுக்குச் சிறு நிலத்துண்டுகளை வாடகைக்குத் தர வேண்டியிருந்தது. உருளைக்கிழங்கும் லீக்கும் போட்ட இடத்தின் ஓரத்தில் டாலியா வந்தது. வடகிழக்கு இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கக்காரர்கள் பூவளர்ப்பில் காட்டிய வெறி பிரசித்தம். பூமிக்கடியில் வேலை, மேலே வந்தால் செடி.

அது சும்மா பொழுதுபோக்கு இல்லை. ஸ்வீட் பீயை அக்டோபரிலேயே விதைத்து, குளிர் முழுக்கக் காப்பாற்றி, ஒரு கொடிக்கு ஒரு மூங்கில் குச்சி என்று நட்டு, பக்கக் கிளைகளையும் பற்றுக்கம்பிகளையும் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சக்தி முழுவதும் பூக்காம்புக்குப் போனால்தான் ஒரே காம்பில் நான்கு பூ சீராக நிற்கும். கொடி குச்சியின் உச்சியைத் தொட்டதும் கட்டவிழ்த்துத் தரையில் படுக்கவைத்து, தள்ளியிருக்கும் இன்னொரு குச்சியில் மறுபடி ஏற்றுவார்கள். டாலியாவுக்கு நுனி கிள்ளும் நாளே முக்கியம். அதை வைத்துத்தான் பூ எந்த வாரம் விரியும் என்ற கணக்கு. பக்க மொட்டுகளை எடுத்து, மழைக்குக் குடை கட்டி, இதழைத் தின்னும் இயர்விக் பூச்சிக்கு வைக்கோல் திணித்த மண்தொட்டியைக் குச்சிமேல் கவிழ்த்துப் பொறி வைப்பார்கள். உறைபனியில் இலை கருகியதும் கிழங்கைத் தோண்டியெடுத்து அடுத்த வசந்தம்வரை வைத்திருப்பார்கள்.

இத்தனைக்கும் பிறகு நடுவர் ஒரு வளையத்தோடு வருவார். பாம்பான் வகை டாலியா 52 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வளையம் பூவைத் தாண்டி இறங்கவில்லை என்றால் 'என்.ஏ.எஸ்.' என்று எழுதிவிடுவார். அட்டவணைப்படி இல்லை என்று அர்த்தம். பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு மில்லிமீட்டர் கூடினால் போச்சு. அழகை வளையத்தால் அளப்பது இலக்கியம் படிக்கிற நமக்கு அபத்தமாகத் தெரியலாம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. ரசனை என்று விட்டுவிட்டால் தீர்ப்பு சொல்வது யார்? ரசிக்கக் கற்றவர், அதாவது துரை. வளையத்துக்குத் துரை யார், சுரங்கக்காரர் யார் என்று தெரியாது. அளவுகோல் இருந்த இடத்தில்தான் எளியவர் ஜெயிக்க முடிந்தது.

அதற்கு ஒரு விலையும் உண்டு. வளையத்தால் மணத்தை அளக்க முடியாது. இதழ் நெளிவு, காம்பு நீளம், பூக்களின் வரிசை என்று போட்டி தேடியதையெல்லாம் ஸ்வீட் பீ கொடுத்தது. குப்பானி அனுப்பிய சின்னப் பூவின் மணம் பெரிய ரகங்கள் பலவற்றில் குறைந்துபோனது. எதை அளக்கிறோமோ அதுதான் வளர்கிறது. நாவல் போட்டிகளுக்கு எழுதும் நண்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த அட்டைக் கதை நம்மூருக்கும் வந்தது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவை 1859இல் தொடங்கியது ஒரு வேளாண் தோட்டக்கலைச் சங்கம். பூப்போட்டி நடத்தும் பழக்கமும் அப்படியே இங்கே ஒட்டிக்கொண்டது. 1899ஆம் ஆண்டுப் போட்டியில் அரிய ஆர்க்கிட்டுக்கான முதல் பரிசை வாங்கியவர் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண். அதே வருஷம் அவர் இறந்தார். வாண்டா மிஸ் ஜோக்கிம் 1981இல் தேசிய மலரானது. ஆனால் அந்தக் கலப்பினத்தை அவரே உருவாக்கினாரா, தோட்டத்தில் தானாக முளைத்ததைப் பார்த்தாரா என்று பல காலம் சர்ச்சை ஓடியது. 1893இல் பூவை விவரித்த ரிட்லி, கலந்தவர் அவர்தான் என்று எழுதியிருந்தும் ஓடியது. 2016இல்தான் உருவாக்கியவர் அவரே என்று அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டார்கள். பெயர் பூவிலேயே இருந்தும், உழைப்பு அவருடையது என்று சொல்ல நூறு வருஷத்துக்குமேல் ஆகியிருக்கிறது.

சிங்கப்பூரில் இப்போது குளிரூட்டிய கண்ணாடிக் கூடத்தில் டாலியா காட்சி வைக்கிறார்கள். கேமரன் மலையில் குளிருக்கு அது நன்றாகவே பூக்கிறது. போனால் தாராளமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அங்கே வேலை செய்பவர் ஒருவரிடம் இதை யார் வளர்த்தது என்று கேளுங்கள். அவர் ஒரு பெயரைச் சொன்னால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.