எல்லை காந்தியும் சில ஆங்கிலச் சொற்களும்

பேரன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை பொது அறிவுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"தாத்தா, கான் அப்துல் கஃபார் கானை எல்லை காந்தின்னு போட்டிருக்கு. எல்லைன்னா பவுண்டரிதானே? அப்ப பவுண்டரி காந்தியா?"

அவனுக்குக் கிரிக்கெட் நினைப்பு. சிரித்துவிட்டு, "இல்லடா, ஃப்ராண்டியர் காந்தி" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றான்.

முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை. பார்டர், பவுண்டரி, ஃப்ராண்டியர், லிமிட் எல்லாவற்றுக்கும் 'எல்லை' என்று ஒரே பொருளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு நகர்ந்தவன்தானே நானும்! அன்றைக்கு மத்தியானம் தூங்காமல் பழைய அகராதிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது.

பார்டர் என்பது பிரெஞ்சிலிருந்து வந்த சொல். துணியின் ஓரத்தைக் குறித்தது. நம் வீட்டுப் பெண்கள் "புடவைக்குப் பார்டர் நல்லா இருக்கு" என்று சொல்வது மூலப் பொருளுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. பிறகுதான் அது நாட்டின் ஓரத்துக்கும் பெயராயிற்று. இங்கிலாந்தில் யாராவது 'த பார்டர்ஸ்' என்று சொன்னால், ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையில் உள்ள பிரதேசம் என்று அர்த்தம். அது கோடு அல்ல, மனிதர்கள் வாழும் அகலமான நிலம்.

அந்த நிலத்துக்கு இன்னும் பழைய பெயர் மார்ச். மாதமும் அல்ல, சிப்பாய் நடையும் அல்ல. அடையாளத்தைக் குறிக்கும் 'மார்க்' என்ற சொல்லோடு பிறந்தது இது. இரு பக்கமும் கிழக்கு, நடு, மேற்கு என்று மூன்று மூன்று மார்ச்சுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்டனை நியமித்திருந்தார்கள். ஐரோப்பாவில் இப்படிப்பட்ட ஓர நிலங்களைக் காத்த பிரபுக்களின் பட்டத்திலிருந்து வந்ததுதான் மார்க்வெஸ். திப்புவை வீழ்த்திய பிறகு வெல்லெஸ்லிக்குக் கிடைத்தது அந்தப் பட்டமே.

மார்ச் நிலத்தில் வாழ்ந்தவர்கள் பாடு பெரும்பாடு. இரு நாட்டு ராணுவமும் பயிரை மிதித்துப் போகும். மிச்சத்தை ரீவர் எனப்பட்ட கொள்ளைக் கூட்டங்கள் அள்ளிப் போகும். மாட்டை விட்டு வைக்க வேண்டுமானால் அவர்களுக்குக் கப்பம் கட்ட வேண்டும். ஸ்காட்லாந்துப் பேச்சில் 'மெயில்' என்றால் வாடகை, வரி. இந்தக் கப்பத்துக்கு 'பிளாக் மெயில்' என்று பெயர் வந்தது. நாம் இன்று சர்வ சாதாரணமாகச் சொல்லும் பிளாக்மெயில் அந்த எல்லை விவசாயியின் கண்ணீரில் பிறந்தது.

அங்கேயே, யாருக்குச் சொந்தம் என்று முடிவாகாத ஒரு துண்டு நிலமும் இருந்தது. அதன் பெயரே 'டிபேட்டபிள் லேண்ட்', அதாவது வழக்கில் கிடக்கும் நிலம். 1552-ல் பிரெஞ்சுத் தூதரை மத்தியஸ்தராக வைத்து, மண்கரை போட்டு அதைப் பிரித்தார்கள். 1603-ல் ஸ்காட்லாந்து அரசர் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசரானார். இரண்டு நாட்டுக்கும் ஒரே அரசன் என்றான பிறகு பார்டர் என்ற பேச்சே கூடாது என்று நினைத்தார். 'மிடில் ஷயர்ஸ்', அதாவது நடு மாவட்டங்கள் என்று பெயரை மாற்றினார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. இன்றும் அது பார்டர்ஸ்தான்.

பவுண்டரி வேறு சாதிச் சொல். அது எல்லைக்கல்லோடு சம்பந்தப்பட்டது. ஒரு வயல், ஒரு தோட்டம், ஒரு கிராமம் எங்கே முடிகிறது என்று காட்டுவது. இங்கிலாந்துக் கிராமங்களில் ஒரு வழக்கம் இருந்தது. வரைபடம் இல்லாத காலம். வருடத்தில் ஒரு நாள் பாதிரியாரும் ஊர்ப் பெரியவர்களும் சிறுவர்களை அழைத்துக்கொண்டு ஊர் எல்லையைச் சுற்றி நடப்பார்கள். எல்லைக்கல் வந்ததும் குச்சியால் கல்லை அடிப்பார்கள். சில இடங்களில் பையன்களுக்கே அடி விழும், அல்லது தலைகீழாகப் பிடித்துக் கல்லில் இடிப்பார்கள். எதற்கு? அறுபது வருடம் கழித்து ஒரு தகராறு வந்தால், "இந்தக் கல்தான், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது" என்று சாட்சி சொல்ல ஒரு கிழவன் வேண்டுமே! சில ஊர்களில் இந்த நடை இன்றும் சம்பிரதாயமாக நடக்கிறது. பையன்களை அடிப்பது மட்டும் இல்லை.

லிமிட் லத்தீன் வழி வந்தது. இரண்டு வயலுக்கு நடுவே போகும் பாதை அதன் மூலப் பொருள். நம் ஊர் வரப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு ரோமப் பேரரசின் காவல் எல்லைக்கும் அந்தப் பெயரே வந்தது. 'இதற்கு மேல் போகாதே' என்கிற தொனி அதில் உண்டு. எட்ஜ் இன்னும் கூர்மை. பழைய ஆங்கிலத்தில் அது வாளின் வாய்ப்பகுதி.

கடைசியாக ஃப்ராண்டியர். 'ஃப்ரண்ட்' என்ற சொல்லின் வழி வந்தது. லத்தீனில் அதன் வேர் நெற்றியைக் குறிக்கும். எதிரியைப் பார்த்து நிற்கிற முன்பக்கம். இதிலும் கோடு கிடையாது. அமெரிக்காவில் வெள்ளையர் குடியேற்றம் மேற்கே நகர நகர ஃப்ராண்டியரும் நகர்ந்துகொண்டே போயிற்று. பவுண்டரி என்றால் 'இங்கே முடிகிறது'. ஃப்ராண்டியர் என்றால் 'இன்னும் முடியவில்லை'.

இந்த வித்தியாசம் அகராதிக்காரர்களுக்கு மட்டும்தானா? இல்லை என்பதற்கு நம் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது.

1893 நவம்பர் 12-ல் காபூலில், பிரிட்டிஷ் இந்தியாவின் வெளியுறவுச் செயலர் மார்ட்டிமர் டியூரண்டும் ஆப்கன் அமீர் அப்துர் ரஹ்மானும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். ஏழே ஷரத்துகள். அதற்குள் ஃப்ராண்டியர், லிமிட், பவுண்டரி, லைன் எல்லாம் கலந்து வருகின்றன. இரு தரப்பின் செல்வாக்கு எதுவரை என்பதற்கான லிமிட் என்று ஓரிடத்தில் வரும். வரைபடத்தின்படி நிலத்தில் பவுண்டரி குறிக்கப்படும் என்று இன்னோர் இடத்தில் வரும். அன்றைக்கு யாருக்கும் அது உறுத்தவில்லை. பிற்காலத்தில் ஆப்கன் தரப்பு, "அது செல்வாக்கின் வரம்புதான், நாட்டின் எல்லை அல்ல" என்றது. பாகிஸ்தானோ, "அதுவே சர்வதேச எல்லை" என்கிறது. 1947-ல் பாகிஸ்தானை ஐ.நா. சபையில் சேர்ப்பதை எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஆப்கானிஸ்தான். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

அதே 1947-ல் ராட்கிளிஃப் வந்தார். அவர் தலைமை வகித்ததற்குப் பெயர் பவுண்டரி கமிஷன். எல்லைக்கல்லின் சொல், ஊர்க்காரன் காலால் நடந்து அறிந்ததைக் குறிக்கும் சொல். ஆனால் ராட்கிளிஃப் அதற்கு முன் இந்தியாவுக்கே வந்ததில்லை. ஜூலை 8-ல் வந்திறங்கி ஐந்து வாரத்தில் பஞ்சாபையும் வங்காளத்தையும் காகிதத்தில் பிரித்துக் கொடுத்தார். தீர்ப்பு வெளியானது ஆகஸ்ட் 17. கொடி ஏற்றி இரண்டு நாள் ஆன பிறகும், தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று பல ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. பிறகு நடந்ததை நம் தலைமுறைக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சாயங்காலம் பேரனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கர்சன் பிரபு 1901-ல் வடமேற்கு ஃப்ராண்டியர் மாகாணம் என்று ஒன்றை அமைத்தார், அந்த மண்ணைச் சேர்ந்தவர் என்பதால் கான் சாகிபுக்கு அந்தப் பெயர் வந்தது என்றேன். மாகாணத்தின் பெயர் 2010-ல் கைபர் பக்துன்க்வா என்று மாறிவிட்டது. அவர் பெயரோ மாறவில்லை.

"அவர் 1988-ல பெஷாவர்ல காலமானார்டா. ஆனா அடக்கம் பண்ணினது அவர் விருப்பப்படி ஆப்கானிஸ்தான்ல, ஜலாலாபாத்ல. அங்க அப்ப போர் நடந்துகிட்டிருந்தது. இறுதி ஊர்வலத்துக்காகச் சண்டையை நிறுத்தினாங்க. ஆயிரக்கணக்கான பேர் கைபர் கணவாய் வழியா அந்தக் கோட்டைத் தாண்டிப் போனாங்க. அப்படியும் குண்டு வெடிச்சு சில பேர் செத்துப்போனாங்க."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவர் எந்தப் பக்கத்துக்காரர் தாத்தா?" என்று கேட்டான்.

"அவர் பிறந்தது 1890. கோடு போட்டது 1893. நீயே கணக்குப் போட்டுக்கோ" என்றேன்.