பீடி சுற்றும் மகளிரும் 'தொழிலாளர்' என்னும் பெயரும்

திருச்சிராப்பள்ளிப் பாலக்கரையில் நின்று நோக்குவார்க்கு, மேற்கே சுருட்டால் புகழ்பெற்ற உறையூரும், தென்கிழக்கே இருப்புப்பாதைப் பணிமனை அமைந்த பொன்மலையும் உள்ளன. 1946இல் துப்பாக்கிச் சூட்டில் ஐவரைப் பறிகொடுத்த பொன்மலைத் தொழிலாளரின் போராட்டத்தைப் பலரும் அறிவர். இந்நகரிலும் தமிழகத்தின் பிற ஊர்களிலும் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றிய மகளிரின் வரலாறு அத்துணைப் பேசப்படவில்லை. அதனை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

பணிமனைக்கு வாயிலும் சங்கொலியும் பெயர்ப்பதிவும் உண்டு. திண்ணைக்கு இவை இல்லை. இலையும் புகையிலைத் தூளும் நூலும் ஒப்பந்தக்காரர் தருவர். மகளிர் சுற்றிக் கட்டி ஒப்படைப்பர். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும். தரமற்றவை எனக் கழிக்கப்பட்டவற்றால் கூலி குறையும். கூலி உயர்வு கேட்கும் முன்பே, தம் முதலாளி யார் என நிறுவ வேண்டிய நிலையில் அம்மகளிர் இருந்தனர்.

1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் பட்டியலில் பீடித் தொழிலும் இடம்பெற்றது. 1958இல் சென்னை மாநிலம் பீடித் தொழிற்கூடங்கட்குத் தனிச்சட்டம் இயற்றியது. ஆயினும், ஒரு மாநிலம் கட்டுப்படுத்தின், கட்டுப்பாடில்லாத பிற மாநிலத்திற்குப் பெயர்தல் இத்தொழிற்கு எளிதாயிற்று. எனவே 1966இல் நாடு முழுமைக்கும் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. வீட்டிலிருந்து சுற்றுவோரையும் ஊழியர் என அது கொண்டது. ஊதியத்துடன் விடுப்பும் மகப்பேற்று உதவியும் வகுத்தது. உற்பத்தியாளர் தொடுத்த வழக்கில், 1974இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது.

முதலாளி யார் என்னும் இவ்வினா குசராத்திலும் எழுந்தது. 1972இல் அகமதாபாத்தில் இலா பட் அம்மையார் சுயதொழில் மகளிர் சங்கத்தைப் பதிவு செய்ய முயன்றபோது, எதிரே முதலாளி இல்லாத சங்கம் எங்ஙனம் சங்கமாகும் என அதிகாரிகள் தயங்கினர். சங்கம் தொழிலாளர் ஒற்றுமைக்கே என வாதிட்டு அவர் பதிவு பெற்றார்.

1985இல் வருங்கால வைப்புநிதி பற்றிய வழக்கொன்றில் மற்றொரு தீர்ப்பு வந்தது. சுற்றிய பீடியைக் கழிக்கும் உரிமையே போதிய மேற்பார்வையாதலின், வீட்டிலிருந்து சுற்றுவோரும் ஊழியரே என்று உச்ச நீதிமன்றம் கொண்டது. கூலியைக் குறைத்த அக்கழிவே, முதலாளி இவர் எனக் காட்டும் சான்றாயிற்று என்பது கருதத்தக்கது.

2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, 1966ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க வகைசெய்தது. சட்டங்கள் மாறினும், திண்ணையில் இருந்தோர் அரிதின் ஈட்டிய 'தொழிலாளர்' என்னும் பெயர் மங்காதிருத்தல் வேண்டும். அப்பெயரே வாழ்வூதியம் கேட்பதற்குரிய முதற்படி என்பது எம் துணிபு.