பெங்களூரு விமானத் தொழிற்சாலையும் கிழக்காசிய வான்போரும்

பெங்களூரின் கிழக்கே விமானபுரா என்ற பெயரில் ஒரு பேட்டை உண்டு. பேட்டைக்கு அந்தப் பெயர் வரக் காரணம், எச்.ஏ.எல். என்ற மூன்றெழுத்தில் நகரம் அறிந்த இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ். 1940 டிசம்பர் 23 அன்று இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் லிமிடெட் என்று பதிவான இந்த நிறுவனத்தை மைசூர் சமஸ்தானத்தின் தொலைநோக்குக்கும் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்தின் துணிச்சலுக்கும் சான்றாகச் சொல்வது வழக்கம். இரண்டும் உண்மை. ஆனால் அதன் அமெரிக்கக் கூட்டாளியும், அது கோத்த முதல் போர் விமானத்தின் பாகங்களும் சீனாவோடு தொடர்புடையவை. ஜப்பான் சீனாவைத் துரத்தத் துரத்த, ஒரு விமானத் தொழில் மேற்கே நகர்ந்துகொண்டே போனது. அந்த ஓட்டத்தின் கடைசி நிறுத்தங்களில் ஒன்று பெங்களூரு.

1937இல் சீன – ஜப்பானியப் போர் மூண்டபோது இரு தரப்பையும் ஒப்பிட அதிகம் இருக்கவில்லை. சீனாவின் பெரிய போர்க்கப்பல்களான நிங்ஹாய், பிங்ஹாய் இரண்டையும் அந்தச் செப்டம்பரிலேயே யாங்சி ஆற்றில் ஜப்பானியக் கடற்படை விமானங்கள் மூழ்கடித்தன. நிங்ஹாயைக் கட்டிக் கொடுத்ததே ஒரு ஜப்பானியத் தளம்தான். ஜப்பானிடம் தனி விமானப்படை கிடையாது. தரைப்படைக்கு ஒன்று, கடற்படைக்கு ஒன்று என இரண்டு வான்பிரிவுகள் இருந்தன; ஒன்றையொன்று மதிக்காத அவற்றில் கடற்படையின் பிரிவே நெடுந்தூரம் பறக்கப் பழகியது. ஆகஸ்ட் 14 அன்று தைவானிலிருந்து கடலைத் தாண்டி வந்து ஹாங்சோ விமானதளத்தைத் தாக்கியது அதுதான். அன்று காவ் சிஹாங் தலைமையில் எழும்பிய சீன ஹாக் விமானங்கள் குண்டுவீச்சு விமானங்களைச் சுட்டு வீழ்த்தின. தைவான் இன்றும் அந்த நாளை விமானப்படை நாளாகக் கொண்டாடுகிறது.

அந்த ஹாக் வகை விமானங்களைச் சீனாவில் கோத்துக் கொடுத்தது வில்லியம் பாலி என்ற அமெரிக்க வியாபாரி தொடங்கிய சென்ட்ரல் ஏர்கிராஃப்ட் நிறுவனம். அதன் பட்டறையும் ஹாங்சோவில்தான் இருந்தது. போர் நெருங்கியதும் அது உள்நாட்டிலுள்ள ஹான்கோவுக்குப் போனது. அங்கும் நிலைக்கவில்லை, யுன்னான் மாநிலத்தில் பர்மா எல்லையை ஒட்டிய லோய்விங் என்ற மலையூருக்கு மாறியது. 1940 செப்டம்பர் 13 அன்று மிட்சுபிஷியின் ஜீரோ விமானம் சுங்கிங் வானில் முதன்முதலாகச் சண்டையிட்டது. பதின்மூன்று ஜீரோக்கள் வந்தன. சோவியத் தயாரிப்பான சீன விமானங்கள் கொத்தாக விழுந்தன. ஜப்பானியர் தரப்பில் ஒன்றுகூட விழவில்லை. அடுத்த மாதமே லோய்விங் பட்டறை குண்டுவீச்சுக்கு உள்ளானது.

பாலிக்கு இன்னொரு இடம் தேவைப்பட்டது. வால்சந்துக்கோ ஒரு விமானத் தொழிற்சாலை தேவைப்பட்டது. இருவரும் 1939இல் பசிபிக்கைக் கடக்கும் பயணிகள் விமானத்தில் தற்செயலாகச் சந்தித்தவர்கள். கார் தொழிற்சாலைக்கு ஆள் தேடி அமெரிக்கா போன வால்சந்த், திரும்பும்போது விமானக் கனவோடு வந்தார். பிரிட்டிஷ் அரசு முதலில் அக்கறை காட்டவில்லை. மைசூர் திவான் மிர்ஸா இஸ்மாயில் காட்டினார். நிலமும் மூலதனமும் தந்தார். சிவசமுத்திரத்து மின்சாரம், பத்ராவதி இரும்பாலை, இந்திய அறிவியல் கழகம் ஆகியவை சமஸ்தானத்துக்குள்ளேயே கிடைத்ததும் பெங்களூருக்குப் பலம். 1941 மார்ச்சில் இந்திய அரசு மூன்றில் ஒரு பங்கு மூலதனத்தோடு உள்ளே வந்தது.

முதலில் ஹார்லோ பயிற்சி விமானம் வந்தது, 1941இல். சீனாவுக்கென்று அனுப்பப்பட்டு வழி மாறிய கர்ட்டிஸ் ஹாக் பாகங்களிலிருந்து ஒரு சில போர் விமானங்கள் 1942இல் உருவாயின. பாலி இதற்கிடையே சும்மா இருக்கவில்லை. சீனாவுக்காகச் சண்டையிடச் சேர்ந்த ‘பறக்கும் புலிகள்’ எனும் அமெரிக்க விமானிகள் காகிதத்தில் அவருடைய நிறுவன ஊழியர்கள்தான்.

பிறகு போர் நம் கடலுக்கே வந்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்த ஜப்பானிய அட்மிரல் நகுமோ, ஏறக்குறைய 125 விமானங்களைக் கொழும்பு மீது ஏவினார். முந்தின நாளே கனடா நாட்டு விமானி லெனார்ட் பிர்ச்சல் கேட்டலினா கடல்விமானத்திலிருந்து இந்தக் கப்பற்படையைக் கண்டு தகவல் அனுப்பியிருந்தார்; அப்படியிருந்தும் கொழும்பை அடுத்த ரத்மலானையில் பிரிட்டிஷ் ஹரிக்கேன் போர் விமானங்கள் தரையில் நின்றுகொண்டிருக்கும்போதே எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டான். திருகோணமலையிலிருந்து வந்த ஆறு ஸ்வார்ட்ஃபிஷ் இரட்டைச்சிறகு விமானங்களும் ஜீரோக்களின் குறுக்கே மாட்டி, ஆறும் விழுந்தன. அதே பகலில் கார்ன்வால், டார்செட்ஷைர் என்ற இரு பிரிட்டிஷ் குரூசர் கப்பல்கள் அரை மணி நேரத்துக்குள் கடலடியில் கிடந்தன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. ஒன்பதாம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் ஹெர்மிஸ் விமானந்தாங்கி மூழ்கியது. அதன் விமானங்கள் அப்போது கரையில் இருந்தன.

ஹெர்மிஸின் கதையில் ஒரு கசப்பு உண்டு. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு 1918இல் கட்டத் தொடங்கிய கப்பல் அது. ஆனால் ஜப்பானின் ஹோஷோ 1922இலேயே பணிக்கு வந்து அதை முந்திவிட்டது. கப்பலிலிருந்து பறக்கும் வித்தையை ஜப்பானியருக்குச் சொல்லிக் கொடுக்க 1921இல் போன செம்பில் குழுவோ பிரிட்டிஷ்காரர்களுடையது. குரு வீட்டில் இருபது ஆண்டுகள் கப்பல் விமானங்களெல்லாம் விமானப்படையின் பொறுப்பில் கிடந்தன. 1939இல்தான் கடற்படை அவற்றைத் திரும்பப் பெற்றது. சீடன் அந்த இருபது ஆண்டுகளையும் வீணாக்கவில்லை. மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஜீரோவின் முன்னால், அதன் பாதி வேகம்கூட எட்டாத ஸ்வார்ட்ஃபிஷ் போய் நின்றதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. பிரிட்டிஷ் அட்மிரல் சோமர்வில் நேர்ச் சண்டையைத் தவிர்த்து, பழைய போர்க்கப்பல்களை ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பினார். செய்யக்கூடிய ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

சென்னையிலிருந்து லட்சக்கணக்கானோர் ஊரைக் காலி செய்துகொண்டு உள்மாவட்டங்களுக்குப் போனதும் அந்த 1942 ஏப்ரலில்தான். அந்த நெருக்கடியில்தான் அரசு வால்சந்தின் பங்குகளை வாங்கித் தொழிற்சாலை நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

புது விமானம் கட்டும் திட்டம் ஓரங்கட்டப்பட்டது. 1943இல் தொழிற்சாலை அமெரிக்க ராணுவ விமானப்படையிடம் போய், 84ஆவது ஏர் டெப்போ ஆனது. முதலில் ஓவர்ஹாலுக்கு வந்தது ஒரு கேட்டலினா. கடல்விமானம் இறங்கத் தண்ணீர் வேண்டுமே, அதற்குப் பெல்லந்தூர் ஏரி இருந்தது. சமீப ஆண்டுகளில் நுரை பொங்கித் தீப்பிடித்துச் செய்தியான அதே ஏரி. அடுத்து இந்தியாவிலும் பர்மாவிலும் பறந்த எல்லா வகை விமானங்களும் வந்தன. அசாமிலிருந்து இமயத்தின் கிழக்கு முனையைத் தாண்டிக் குன்மிங்குக்குச் சரக்கு கொண்டுபோன நேச நாட்டு விமானங்களுக்கு இப்படிப்பட்ட பின்களப் பட்டறைகளே உயிர்மூச்சு. போர் வரலாறுகள் ஜீரோவையும் அமெரிக்கப் போர் விமானமான பி-40ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேகம், உயரம், துப்பாக்கி என்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்தப் பட்டியலில் பட்டறைக்கு இடமில்லை. 1944இல் அமெரிக்கா சுமார் 96,000 விமானங்கள் கட்டியது, ஜப்பான் சுமார் 28,000; போரின் முடிவை ஜீரோவின் வேகத்தைவிட இந்தக் கணக்கே நன்றாக விளக்குகிறது.

போர் முடிந்ததும் வேலை வற்றியது. விமானம் செய்த கைகள் ரயில் பெட்டி செய்தன. கான்பூரில் பிரிட்டிஷ் விமானப்படை விட்டுப்போன லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைப் பெங்களூருக்குப் பறக்கவிட்டுக் கொண்டுவந்து, நாற்பதுக்கும் மேற்பட்டவற்றைச் சீராக்கி இந்திய விமானப்படையிடம் கொடுத்ததும் இந்தக் காலத்தில்தான். உதவாது என்று ஒதுக்கப்பட்ட அந்த விமானங்கள் 1968 வரை ஓடின.

வி. எம். காட்கே வடிவமைத்த எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951இல் பறந்தது. ஜெர்மானியர் கர்ட் டாங்க் வடிவமைத்த மாருத் போர் விமானம் 1961 ஜூன் 17 அன்று பறந்தது. உருவத்தில் அழகி, எஞ்சின் போதாமல் வாழ்நாள் முழுக்கத் தவித்தது. சீனா இதற்குள் வேறு வழியில் போயிருந்தது. சோவியத் உதவியோடு ஷென்யாங்கில் மிக்-17இன் பிரதியை 1956இலேயே பறக்கவிட்டது. 1962 எல்லைப் போரில் இந்தியா தன் போர் விமானங்களைச் சண்டையில் இறக்கவே இல்லை. பிறகு இரு நாடுகளும் ஒரே மிக்-21ஐக் கட்டின. சீனா அதைத் தன் விருப்பத்துக்கு மாற்றி மாற்றி 2013 வரை உருவாக்கி வெளிநாடுகளுக்கும் விற்றது. இந்தியா உரிமத்தோடு நின்றது.

கடல் பக்கம் இடைவெளி இன்னும் தெளிவு. சீனாவின் விமானந்தாங்கி லியாவ்னிங் 2012 செப்டம்பரில் பணிக்கு வந்தது; இரண்டே மாதத்தில் அதன் தளத்தில் ஜே-15 போர் விமானம் இறங்கியது. பெங்களூரில் உருவான தேஜஸ் போர் விமானத்தின் கடற்படை வடிவமும் 2012இல்தான் முதலில் பறந்தது. ஆனால் இந்திய விமானந்தாங்கி விக்ரமாதித்யாவின் தளத்தைத் தொட்டது 2020 ஜனவரி 11 அன்று. 2023 பிப்ரவரியில் கொச்சியில் கட்டிய விக்ராந்திலும் இறங்கிக் காட்டியது. இருந்தும் 2025இல் கடற்படைக்காக வாங்க முடிவானது பிரெஞ்சு ரஃபேல், 26. அதே ஆண்டு நவம்பரில் சீனா மின்காந்த விசையால் விமானத்தை ஏவும் ஃபூஜியன் கப்பலைச் சேர்த்துக்கொண்டது. ஜப்பானும் தயக்கத்தை விட்டு, இசுமோ, காகா இரண்டையும் எஃப்-35பி இறங்கும்படி மாற்றி வருகிறது. காகா என்பது பெர்ல் ஹார்பரைத் தாக்கி மிட்வேயில் மூழ்கிய கப்பலின் பெயர். அந்தப் பெயர் பெய்ஜிங்கின் காதில் விழாமல் இருக்காது.

பெங்களூரின் பழைய நோவு எஞ்சின்தான். 1989இல் தொடங்கிய காவேரி எஞ்சின் திட்டம் 2008இல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. சீனா தன் ஜே-10 போர் விமானத்தை ரஷ்ய எஞ்சினோடு தொடங்கிச் சொந்த எஞ்சினுக்கு மாற்றிவிட்டது. தேஜஸோ இன்னும் அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப்-404ஐ நம்பிப் பறக்கிறது. 2021இல் ஆர்டர் செய்த 83 விமானங்கள் காலத்தில் வராததற்கு அந்த எஞ்சின்கள் தாமதமானதும் ஒரு காரணம். தேஜஸின் அடுத்த வகைக்கான எஃப்-414 எஞ்சினை இந்தியாவிலேயே தயாரிக்க எச்.ஏ.எல். 2023 ஜூனில் அதே நிறுவனத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது.