இரு மடல்களும் ஒரு நாள் பழியும்

கி.பி. 1098ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 29ஆம் நாள். அக்காலச் சிரியாவைச் சேர்ந்ததும் இன்று துருக்கி நாட்டின் தென்கோடியில் உள்ளதுமான அந்தியோக்கியா மாநகரின் மதிற்புறத்தே, முற்றுகைப் பாசறையில், பிரெஞ்சுக் கோமான் ஒருவன் தன் மனைவிக்கு மடல் ஒன்று எழுதுவித்தான். அவன் சொல்லச் சொல்ல, அவனுடைய குருவானவர் அலெக்சாந்தர் விரைந்து எழுதினார். தான் நலம், கையில் பொருள் பெருகியிருக்கிறது, உடன் வந்தோர் தன்னை மதிக்கின்றனர், நிலத்தையும் பிள்ளைகளையும் குடிகளையும் நன்கு பேண வேண்டும், இயன்ற விரைவில் வந்து சேருவான் – மடலின் சாரம் இதுவே. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்து, வீட்டுக்குக் கடிதம் எழுதிப் பழகிய நமக்கு இந்நடை புதிதன்று.

மடலை எழுதுவித்தவன் புளுவா, சார்த்தர் ஆகிய நிலப்பகுதிகளின் தலைவனான ஸ்டீபன். அதைப் பெற வேண்டியவள் அவன் மனைவி அடேலா. இரண்டு திங்கள் சென்றபின் ஸ்டீபன் அப்பாசறையை விட்டு நீங்கினான். அன்று முதல் சிலுவைப் போர் வரலாறுகளில் அவனுக்கு வாய்த்த பெயர் ‘ஓடிப்போனவன்’ என்பதே. ஒரு நாளின் செயலைக் கொண்டு ஒருவனை அளந்த அவ்வளவை முறையானதுதானா என்று காண்பதற்கு, அவன் குடும்பத்தையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

தந்தை திபோ இறந்தபின் 1089இல் ஸ்டீபன் தலைமை ஏற்றான். ஆண்டுக்கு எத்தனை நாளோ அத்தனை கோட்டைகள் அவனுக்கு உண்டு என்று அக்காலத்தார் பேசிக்கொண்டனர். மிகையே ஆயினும் அவன் செல்வநிலையை அது காட்டும். ஆனால் குலப்பெருமையில் மனைவியே மேம்பட்டவள். 1066இல் இங்கிலாந்தை வென்று முடிசூடிய வில்லியம் மன்னனின் மகள் அவள். இலத்தீன் கற்றவள், புலவர்கள் அவளை நோக்கிக் கவி இயற்றினர், பிளரியைச் சேர்ந்த ஹியூ என்னும் துறவி தம் வரலாற்று நூலை அவளுக்கே உரிமையாக்கினார்.

துருக்கியரை எதிர்க்கப் பைசாந்தியப் பேரரசர் அலெக்சியஸ் மேலைநாட்டின் துணையை வேண்டினார். 1095 நவம்பரில் கிளெர்மோன் நகரில் போப்பாண்டவர் இரண்டாம் அர்பன் விடுத்த அழைப்பு எருசலேமை மீட்கும் புனிதப் பயணமாக உருவெடுத்தது. 1096இல், அடேலாவின் தமையனான நார்மந்தி கோமான் இராபர்ட்டுடன் ஸ்டீபன் புறப்பட்டான். அவ்வாண்டிலேயே, சிலுவை தாங்கிப் புறப்பட்ட வேறு கூட்டத்தார் ரைன் ஆற்றங்கரை நகரங்களில் யூதக் குடும்பங்களைக் கொன்று குவித்தனர் என்பதையும் நாம் மறைத்தலாகாது. ஸ்டீபனின் படை இத்தாலியில் குளிர்காலத்தைக் கழித்து, 1097 ஏப்பிரலில் பிரிந்திசித் துறையில் கப்பலேறியது. முதற் கப்பல் கரைக்கு அருகிலேயே உடைந்து நானூறு பேர் மாண்டனர். உடன் சென்ற சார்த்தர் நகரத்துப் புல்கேர் இதைத் தம் நூலில் எழுதிவைத்துள்ளார்.

எஞ்சியுள்ள மடல்கள் இரண்டு. முதலாவது 1097 சூனில் நிசேயாவிலிருந்து எழுதியது. பேரரசர் தன்னை மகன்போல் நடத்தியதையும், தம் பிள்ளைகளுள் ஒருவனை அரண்மனைக்கு அனுப்பினால் உயர்த்திவைப்பதாக அவர் சொன்னதையும் ஸ்டீபன் மகிழ்ந்து கூறுகிறான். அடேலாவின் தந்தை எவ்வளவோ வாரி வழங்கியவர்தாம், ஆனால் இவர் முன் அது ஒன்றுமில்லை என்றும் சேர்க்கிறான். மாமனாரைக் குறைத்து மனைவிக்கே எழுதும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று! எருசலேமுக்கு இன்னும் ஐந்து வாரப் பயணமே என்பது அவன் கணக்கு. அந்தியோக்கியா தடுத்தாலன்றி என்று ஓர் ஐயத்தையும் வைத்தான். அந்த ஐயமே பலித்தது. ஐந்து வாரம் இரண்டு ஆண்டாயிற்று.

1097 அக்டோபரில் தொடங்கிய முற்றுகை மழையிலும் பசியிலும் இழுத்தது. குதிரைகள் மடிந்தன. சிரியாவில் வெயில் தாங்கமுடியாது என்போர் கூற்று பொய், இங்குக் குளிர்காலம் நம் ஊர்க் குளிர்காலமே என்று ஸ்டீபன் இரண்டாம் மடலில் எழுதுகிறான். துன்பத்தைச் சொல்லியும் சொல்லாமலும் விடும் எழுத்து அது. அடேலா தந்தனுப்பிய பொன்னும் வெள்ளியும் இப்போது இருமடங்கு என்கிறான். ஆகவே, பயணத்திற்குப் பொருள் தந்தவள் அவளே என்பதும் நமக்குத் தெரியவருகிறது. தலைவர்கள் கூடித் தன்னைப் படையின் மேலாளனாகத் தேர்ந்தனர் என்ற செய்தியையும் பெருமிதத்தோடு தெரிவிக்கிறான்.

அப்பெருமிதமே பின்னர்ப் பழியைப் பெருக்கியது. 1098 சூன் 2ஆம் நாள், நோயுற்றதாகக் கூறி, ஸ்டீபன் கடற்கரை ஊரான அலெக்சாந்திரெட்டாவுக்குச் சென்றான். மறுநாளே அந்தியோக்கியா வீழ்ந்தது. உள்ளே புகுந்த படையைச் சில நாள்களில் மோசூல் தலைவன் கெர்போகாவின் பெருஞ்சேனை வந்து சூழ்ந்தது. மலைமீதிருந்து அப்பாசறையின் பரப்பைக் கண்ட ஸ்டீபன், தோழர்கள் தப்பார் என முடிவுகட்டி மேற்கே திரும்பினான். வழியில் பிலோமிலியனில் தங்கியிருந்த பேரரசர் அலெக்சியஸைக் கண்டு, எல்லாம் முடிந்தது என்றான். துணைப்படையோடு வந்துகொண்டிருந்த பேரரசர் திரும்பிவிட்டார். வேறொரு துருக்கியப் படை தம்மை நோக்கி வருவதாகவும் அவருக்குச் செய்தி எட்டியிருந்தது என்று அவர் மகள் அன்னா எழுதுகிறாள். பழி முழுவதும் ஸ்டீபனுடையது அன்று. ஆயினும், சூன் 28இல் முற்றுகைக்குள்ளானோர் எதிர்பாராத வெற்றி பெற்றபோது, நம்மைக் கைவிட்டவன் யார் என்ற கேள்விக்கு ஒரே விடைதான் இருந்தது.

ஓடியவன் அவன் ஒருவன் மட்டும் அல்லன். மக்களைத் திரட்டி வந்த துறவி பேதுருவே அவ்வாண்டுச் சனவரியில் நழுவப் பார்த்துப் பிடித்துக் கொணரப்பட்டார். நகர மதிலிலிருந்து கயிறு கட்டி இறங்கித் தப்பிய வீரரும் உண்டு. அவர்களை நூல்கள் நகைத்துவிட்டுக் கடந்துபோகின்றன. மேலாளனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவனை அவ்வாறு விடவில்லை.

1099 சூலை 15இல் எருசலேம் வீழ்ந்தது. அங்கிருந்த முசுலிம்களும் யூதர்களும் கொன்று குவிக்கப்பட்டனர். ஸ்டீபன் தவறவிட்ட புகழில் இக்குருதியும் அடங்கும். அவனை இகழ்ந்த ஆசிரியர் எவரும் இதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வீடு திரும்பியவனை வரவேற்றது எள்ளல். நேர்ச்சையை நிறைவேற்றாமல் திரும்பியோரைத் திருச்சபையிலிருந்து விலக்குவதாகப் போப்பாண்டவர் இரண்டாம் பாசுகல் அறிவித்தார். இங்கேதான் ஆர்டெரிக் என்னும் துறவி, அடேலா கணவனைப் படுக்கையறையிலும் இடித்துரைத்து மீண்டும் போருக்கு அனுப்பினாள் என்கிறார். நார்மந்தி மடத்தில் பல ஆண்டுகளுக்குப் பின் எழுதிய துறவியின் செவிக்குப் படுக்கையறைப் பேச்சு எட்டிய வழி யாதோ, நாம் அறியோம்! அடேலா வற்புறுத்தியிருக்கலாம். ஆனால் விலக்கப்பட்ட தலைவனுக்குக் குடிகள் கட்டுப்படுவதும் பிள்ளைகளுக்கு நல்ல மணவுறவு அமைவதும் அரிது. இரண்டாம் பயணத்தை மனைவியின் நச்சரிப்பால் நேர்ந்ததாகச் சொல்வதைவிட, குடும்பத்தின் நிலையைக் காக்க இருவரும் செலுத்திய விலை எனக் கொள்வதே பொருத்தம் என்பது நம் கருத்து.

1101இல் அவன் மீண்டும் புறப்பட்டான். முன்பு சென்ற வழியிலேயே செல்வோம் என்றான். இலம்பார்டியர் கேளாமல், சிறைப்பட்டிருந்த போஹெமுந்தை மீட்கக் கிழக்கே திரும்பினர். ஆகத்தில் மெர்சிவான் அருகே படை சிதைந்தது. தப்பிய ஸ்டீபன் 1102இல் எருசலேமை அடைந்து தன் நேர்ச்சையை முடித்தான். ஊர் திரும்ப யாப்பாவில் கப்பலேறியவனை எதிர்க்காற்று கரைக்கே தள்ளியது. அவ்வேளை எகிப்தியப் படை வருவதறிந்து, அதன் அளவை அறியாமலே, பால்டுவின் மன்னன் சுமார் 200 குதிரை வீரரோடு இரம்லாவை நோக்கி விரைந்தான். ஸ்டீபனும் உடன் சென்றான். படை முறிந்தபின் எஞ்சியோர் ஒரு கோபுரத்தில் ஒதுங்கினர். இரவில் மன்னன் தப்பினான். ஸ்டீபன் அங்கேயே மடிந்தான். மன்னன் தப்பியதை எவரும் ஓட்டம் என்று சொல்லவில்லை.

கணவன் இல்லாத காலத்தும் இறந்த பின்னும், ஏறத்தாழ 1120 வரை அடேலாவே நாட்டை நடத்தினாள். வழக்குகளைத் தீர்த்தாள், மடங்களுக்கு உரிமைகள் வழங்கினாள். தன் தம்பியான இங்கிலாந்து மன்னன் முதலாம் ஹென்றிக்கும் பேராயர் ஆன்செல்முக்கும் மூண்ட பூசல் தணிய, 1105இல் நடுநின்றாள். பிள்ளைகளைப் பொறுத்தவரை அவள் கண்டிப்பானவள். மூத்தவன் வில்லியமை ஒதுக்கி, இரண்டாமவன் திபோவைத் தலைவனாக்கினாள். ஹென்றியைச் சிறுவயதிலேயே குளுனி மடத்தில் சேர்த்தாள். அவன் 1129இல் வின்செசுடர் ஆயரானான். அங்கே அவன் நிறுவிய அறச்சாலையில், கேட்டு வரும் வழிப்போக்கர்க்கு ரொட்டியும் சிறிது பீரும் இன்றும் தருகின்றனர்.

தந்தையின் பெயர் தாங்கிய ஸ்டீபனை மாமன் ஹென்றி மன்னனிடம் அனுப்பினாள். 1120 நவம்பரில் ‘வெண்கலம்’ என்னும் கப்பலில் ஏறிய அவ்விளைஞன், வயிற்று நோயென்று இறங்கிக்கொண்டான். கப்பல் பாறையில் மோதி மூழ்கியது. மன்னனின் ஒரே முறை மகனும், ஸ்டீபனின் தங்கை மெட்டில்டாவும் அதில் மாண்டனர். நோய் சொல்லி விலகிய தந்தைக்கு அழியாப் பழி. நோய் சொல்லி இறங்கிய மகனுக்கு, 1135 டிசம்பரில், இங்கிலாந்தின் மணிமுடி.

அம்முடிக்காக உள்நாட்டுப் போர் மூண்டது. 1141 பிப்பிரவரி 2இல் இலிங்கன் நகர்ப்போரில் கோமான்கள் பலர் குதிரை திருப்பி ஓடினர். ஸ்டீபன் மன்னன் மட்டும் தரையில் நின்று, கோடரியும் வாளும் முறியும்வரை போரிட்டுச் சிறைப்பட்டான். அவன் அசையாது நின்றதைக் காண அடேலா இல்லை. மார்சினி கன்னியர் மடத்தில் துறவியாக வாழ்ந்து, 1137இல் அவள் இறந்திருந்தாள்.